கல்மிக் பெரியவருக்கு எதிரே ஒரு கதிரை

என்னைக் கண்டவுடன் நீங்கள் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அங்கிள், எந்த மைக் வாங்கலாம்?" கேட்பதில் தவறில்லை, ஆளை மாறிக் கேட்கிறீர்கள். நான் வேலை செய்த கருவிகள் இன்றைக்குக் கதவுக்கு முட்டுக்கொடுக்கத்தான் உதவும். அதோடு, பதிவு சரிவராதபோது மைக்கைத் திட்டுகிறவர்களைக் கண்டால் ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம் என்ற பழமொழிதான் எனக்கு நினைவுக்கு வரும். உங்கள் எல்லாரையும் சொல்லவில்லை. ஒருவரை மட்டும்தான் சொல்கிறேன், யார் என்று அவருக்கே தெரியும்.

எசனிலும் பேர்லினிலும் வீடு வீடாகப் போய், ஆரம்ப காலத்தில் இங்கே ஜேர்மனிக்கு வந்து சேர்ந்த எங்கள் சனத்தின் குரல்களைப் பதிவு செய்யப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டபோது மனம் நிறைந்துபோனது. நீங்கள் புறப்படுவதற்கு முன் எண்பத்தேழாம் ஆண்டின் ஒரு சனிக்கிழமையைப் பற்றி உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும். அன்றைக்குக் கிடைத்ததை வைத்துத்தான் இந்த ஒலிப்பதிவுத் தொழிலில் கடைசிவரை பிழைத்தேன்.

கிழக்கு பேர்லினில் வந்து இறங்கி, ரயிலேறி மேற்குக்குள் நுழைந்த கூட்டத்தில் நானும் ஒருவன். என்னைப் பவேரியாவுக்கு அனுப்பினார்கள். ஊரில் எனக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் தொழில். கோயில் திருவிழா, கல்யாண வீடு, செத்தவீடு, எதுவென்றாலும் பனையில் ஏறிக் குழாயைக் கட்டிவிட்டுக் கீழே இருந்து பாட்டுப் போடுவேன். அகதி அந்தஸ்தும் வேலை அனுமதியும் கிடைத்ததும், மியூனிக்கில் இருந்த ஒலிப்பதிவுக் கூடங்களின் கதவுகளைத் தட்டத் தொடங்கினேன். ஏறக்குறைய எல்லாக் கதவுகளும் மரியாதையாகச் சாத்தப்பட்டன. திறந்த ஒரே கதவு ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு ஜேர்மன் பெண்மணியுடையது. பெயரை எழுதினால் அவருக்குப் பிடித்திருக்காது. நாங்கள் 'சேஃபின்' என்போம், முதலாளியம்மா என்று பொருள்.

"உமக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார்.

"சத்தம் போடத் தெரியும்."

"இஞ்ச சத்தம் போடாமல் இருக்கத்தான் ஆள் வேணும்," என்றார். ஆனாலும் என்னை எடுத்துக்கொண்டார்.

இந்தக் கதையில் வருகிறவர்கள் எல்லாரும் பேசியது டொச், அதாவது ஜேர்மன் மொழி. என் தலைக்குள் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் பதிந்திருக்கிறது. ஆகவே பவேரியாக்காரி 'ஓம்' என்று சொன்னால் சிரிக்காமல் வாசியுங்கள்.

வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கு ஒரு வியாதி இருந்தது. உங்கள் அம்மா அப்பாவுக்கும் அது உண்டு, கவனித்திருப்பீர்கள். யாராவது எதையாவது சொன்னால் நாங்கள் 'ம்' போடாமல் கேட்க மாட்டோம். ஒரு நாள் ஒருவர் சிறுவர் கதை ஒன்றை வாசிக்க, மைக்கைப் பார்த்துக்கொள்வதற்காக நான் அவருக்குப் பக்கத்திலேயே இருந்தேன். கதை நல்ல கதை. பிறகு நாடாவைப் போட்டுக் கேட்ட சேஃபின் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இந்த மாடு எப்ப உள்ளுக்கு வந்தது?" என்றார். ஒவ்வொரு வசனத்துக்கும் பின்னால் ஒரு 'ம்'. முழுவதையும் மறுபடி பதிவு செய்ய வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து சிவப்பு விளக்கு எரிந்தால் உதட்டைக் கடித்துக்கொள்ளப் பழகினேன். நாளடைவில் அந்தக் கூடத்திலேயே ஆக அமைதியான ஆள் நான்தான் என்று பெயர் எடுத்தேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

அப்படியிருக்கும்போதுதான் கெர்மென் என்ற பெண் எங்களிடம் வந்தார். நாற்பதுக்குக் கிட்டிய வயது, ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவர். முகத்தைப் பார்த்து ஜப்பான்காரி என்று நினைத்தேன். பேச்சு அசல் மியூனிக் பேச்சு. தாங்கள் கல்மிக் இனத்தவர் என்றார். நான் அந்தப் பெயரை அதுவரை கேட்டதில்லை.

அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கல்மிக்குகள் மங்கோலிய வழிவந்தவர்கள், ரஷ்யாவுக்குள் காஸ்பியன் கடலோரப் புல்வெளிகளில் குதிரையும் ஒட்டகமும் மேய்த்து வாழ்ந்த பௌத்தர்கள். இரண்டாம் உலக யுத்த காலத்தில் சோவியத் அரசு அவர்களை முழு இனமாக ரயிலில் ஏற்றிச் சைபீரியாவில் கொண்டுபோய்க் கொட்டியது. திரும்பி வந்தபோது பிள்ளைகளின் வாயில் ரஷ்ய மொழி இருந்தது. அதற்கு முன்பே யுத்தத்தோடு அள்ளுண்டு ஜேர்மனிக்கு வந்த சிலர் இங்கே அகதி முகாம்களில் கிடந்தார்கள். அவர்களில் பலர் பிறகு அமெரிக்காவுக்குப் போய்விட, கொஞ்சப் பேர் மியூனிக்கின் ஓரத்தில் ஒரு குடியிருப்பில் தங்கிவிட்டார்கள். கெர்மெனின் அப்பா அப்படித் தங்கியவர்.

பௌத்தர் என்றதும் என் முகம் கொஞ்சம் மாறியிருக்க வேண்டும். ஊரில் நாங்கள் பட்டது அப்படி. ஆனால் முழு இனத்தையும் ரயிலில் ஏற்றினார்கள் என்று சொன்னபோது எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

கெர்மெனின் அப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். திங்கட்கிழமை ஒப்பரேஷனுக்கு டேர்மின் என்று நாள் குறித்துக் கொடுத்திருந்தார்கள். குரல்வளையை எடுத்துவிடுவார்கள். உயிர் தப்பும், குரல் தப்பாது. கெர்மெனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. சின்ன வயதில் அப்பா தங்கள் மொழியில் அவருக்குச் சொன்ன ஒரு கதை, காற்றைக் கட்டிப்போட நினைத்த ஒரு கிழவனின் கதை. தொடக்கம் மட்டும்தான் அவருக்கு ஞாபகம். முடிவு ஞாபகமில்லை. அதை அப்பாவின் குரலில், அவருடைய மொழியில் பதிந்து தர வேண்டும்.

"கேட்டால் விளங்கும், ஆனால் கதைக்க அந்தப் பாஷையில என்னட்ட மிச்சம் ஒண்டும் இல்லை. இதாவது இருக்கட்டும்," என்றார்.

சேஃபின் சனிக்கிழமைகளில் கூடத்தைத் திறப்பதில்லை. அந்தச் சனிக்கிழமை திறந்தார்.

பெரியவர் ஒற்றை நாடி உடம்பு. நல்ல கோட், நல்ல தொப்பி. பெயர் பத்மா. எங்கள் ஒழுங்கையில் மூன்று பத்மாக்கள் இருந்தார்கள், மூன்று பேரும் இரட்டைப் பின்னல் போட்டவர்கள். எழுபது வயதுக் கல்மிக் ஆண் ஒருவர் கையை நீட்டி "பத்மா" என்று சொன்னபோது சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. அவர்களிடத்தில் அது ஆண்பிள்ளைப் பெயராம். தாமரை என்றுதான் அங்கேயும் பொருள்.

அவரை உள்ளே இருத்தி, கனத்த கதவைச் சாத்திவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள் மூவரும் நின்றோம். சிவப்பு விளக்கு எரிந்தது. பெரியவர் இரண்டு வசனம் சொன்னார். நிறுத்தினார். கண்ணாடியைப் பார்த்தார். சொல்லுங்கோ என்று சேஃபின் கை காட்டினார். மறுபடி இரண்டு வசனம், மறுபடி நிறுத்தம். கெர்மென் ஒலிவாங்கியில் கேட்டார்:

"என்னப்பா, மறந்துபோச்சோ?"

"மறக்கேல்லை. ஆருக்குச் சொல்லுறது? ஒருத்தரும் இல்லையே."

"நாங்கள் இருக்கிறம்தானே."

"கண்ணாடிதான் இருக்கு," என்றார் பெரியவர்.

கண்ணாடிக்கு எப்படிக் கதை சொல்வது என்பது அவருடைய நியாயம். சரி, மகளையே எதிரில் இருத்துவோம் என்று சேஃபின் முடிவு செய்தார். கெர்மென் உள்ளே போய் அமர்ந்தார். பெரியவரின் முகம் உடனே தெளிந்தது. கதையைத் தொடங்கினார். தொண்டை கரகரத்தாலும் குரல் நன்றாக எழுந்தது. ஐந்தாறு வசனம் போயிருக்கும். திடீரென்று எனக்கு எல்லாம் விளங்கத் தொடங்கியது. கிழவன், காற்று, கயிறு. எப்படி விளங்குகிறது என்று யோசித்தபோதுதான் பிடிபட்டது, பெரியவர் டொச்சுக்கு மாறிவிட்டார்.

"அப்பா, எங்கட பாஷையில," என்றார் கெர்மென்.

"ஓம், ஓம்."

மறுபடி தொடங்கினார். மறுபடி மகளின் முகத்தைப் பார்த்தார். மறுபடி டொச். தான் மாறுவதே அவருக்குத் தெரியவில்லை. மூன்றாம் முறையும் அப்படியே ஆனதும் கெர்மென் எழுந்து வெளியே வந்து, நடையில் சுவரைப் பார்த்து நின்று அழுதார்.

என்ன நடந்தது என்று அவர்தான் பிறகு சொன்னார். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிதில் ஒரு நாள் டிராம் தரிப்பிடத்தில் அப்பா அவரைத் தங்கள் மொழியில் கூப்பிட்டிருக்கிறார். கூட நின்ற பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். "இப்பிடி என்னோட கதைக்காதேங்கோ. டொச்சில கதையுங்கோ, இல்லாட்டிக் கதைக்காதேங்கோ," என்று சொல்லிவிட்டார். அப்பா சரி என்றார். அன்றைக்கு நிறுத்தியவர்தான். கோபத்தில் நிறுத்தவில்லை. பிள்ளைக்கு அது நல்லதென்று நினைத்து நிறுத்தினார்.

"முப்பது வருசமா எனக்காகப் பழகின பழக்கம். இப்ப என்ர முகத்தைக் கண்டாலே அவருக்கு டொச்சுதான் வருது," என்றார்.

ஒரு மொழி எப்படிக் குறைந்துபோகிறது என்பதற்குப் படித்தவர்கள் பல காரணம் சொல்வார்கள். சைபீரியாவைச் சொல்வார்கள், பள்ளிக்கூடங்களைச் சொல்வார்கள். அத்தனையும் உண்மை. நான் என் கண்ணால் கண்டது இவ்வளவுதான்: ஒரு தகப்பன் மகளைப் பார்க்கிறார், பாசத்தில் மொழி மாறுகிறது.

எல்லாரும் களைத்துவிட்டோம். இன்றைக்கு இனி ஏலாது, கூட்டிக்கொண்டு போகட்டும் என்றுதான் நான் நினைத்தேன். கெர்மென் சுடுதண்ணிப் போத்தலில் தேநீர் கொண்டுவந்திருந்தார். சின்னக் குசினிக்குள் நெருக்கி நின்று குடித்தோம். ஒரு மிடறு குடித்ததும் திடுக்கிட்டுவிட்டேன். உப்பு. அதோடு வெண்ணெய், சாதிக்காய் வேறு. ஜொம்பா என்று அதற்குப் பெயர். பெரியவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் துப்பவும் முடியவில்லை. விழுங்கிவிட்டு, "நல்லா இருக்கு," என்றேன்.

"பொய்," என்றார் பெரியவர். "ஆனா நல்ல பொய். எந்த ஊர், தம்பி?"

சொன்னேன். சண்டையா என்று கேட்டார். ஓம் என்றேன். பாஷை என்ன என்று கேட்டார். தமிழ் என்றேன்.

"அதில எனக்கொரு கதை சொல்லு."

"உங்களுக்கு விளங்காதே, ஐயா."

"என்ர கதை மட்டும் உனக்கு விளங்கப்போகுதோ? வெறுங்கையோட நிக்கிறவனுக்கு நான் ஏன் குடுக்க வேணும்? முதல் நீ சொல்லு, பிறகு நான் சொல்லுறன்."

நான் சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தேன். அதற்குள் சேஃபின் என் கையில் இருந்த கோப்பையை வாங்கிவிட்டார்.

"இஞ்ச வேண்டாம். ரண்டு பேரும் உள்ளுக்குப் போங்கோ. அங்க சொல்லுங்கோ."

எனக்குத் தயக்கம். பதிவில் வேறு குரல் இருக்கக்கூடாது என்பது அவர் எனக்குப் போட்ட சட்டம். அதை மதித்துத்தான் அமைதியான ஆள் என்று பெயர் எடுத்திருந்தேன். "நான் உள்ளுக்குப் போனால் 'ம்' போட்டிடுவன்," என்றேன்.

"போடும்," என்றார்.

பிள்ளைகளே, ஒரு நல்ல தலைமை எப்படியிருக்கும் என்று கேட்டால் அந்த ஒரு சொல்லைத்தான் சொல்வேன். தான் போட்ட சட்டத்தை எந்த இடத்தில் தானே தூக்கி ஓரமாக வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நானாக இருந்தால் அந்த நேரத்தில் வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

பெரியவருக்கு எதிரே ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தேன். என்ன கதை சொல்வது? தொழில் கதைதான் வாயில் வந்தது. ஊரில் ஒரு கல்யாண வீடு. தாலி கட்டி முடிந்து நான் பந்தியில் குந்தியிருந்து சாப்பிடுகிறேன். மைக்கை நிறுத்த மறந்துவிட்டேன். பொம்பிளையின் தாய்மாமன் மைக்குக்குப் பக்கத்தில் நின்று சமையல்காரனிடம் இரகசியம் சொல்கிறார்: "மாப்பிள்ளைப் பகுதியைப் பார்த்தனீரோ? ஒரு கிழமையா அடுப்பு மூட்டாத சனம்போலக் கிடக்கு. பாயாசத்தில தண்ணியை ஊத்தும்." இரகசியம் இரண்டு பனை உச்சியிலிருந்தும் ஊருக்கே கேட்கிறது. மாப்பிள்ளையின் தகப்பன் பாயாசக் கிண்ணத்தோடு அப்படியே நிற்கிறார். நான் பந்தியைத் தாண்டிப் பாய்ந்து கையில் அகப்பட்ட வயரைப் பிடுங்க, கல்யாண வீடு முழுவதும் வெளிச்சம் போய்விட்டது. இருட்டுக்குள் மாப்பிள்ளையின் தகப்பன் சொல்கிறார்: "ஊத்தத் தேவையில்லை, ஏற்கெனவே தண்ணியாத்தான் இருக்கு!"

பெரியவருக்கு ஒரு சொல்கூட விளங்கியிருக்காது. ஆனால் நான் தாய்மாமனாகவும் தகப்பனாகவும் மாறி மாறி நடித்ததில் அவர் தொடையில் அடித்துச் சிரித்தார். நான் நிறுத்தும்போதெல்லாம் தொண்டைக்குள் ஒரு சத்தம் போட்டார், மேலே சொல்லு என்கிறதுபோல. நாட்டை விட்டு வந்தபின் யாரும் என் கதைக்கு 'ம்' போட்டதில்லை.

பிறகு அவர் தொடங்கினார்.

என் முகத்தைப் பார்த்தபடி தொடங்கினார். இந்த முகத்துக்காக டொச்சுக்கு மாற வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. டொச் எனக்கும் அரைகுறை, அது அவருக்குத் தெரியும். ஆகவே வாயில் இருந்தது அப்படியே வந்தது. எனக்கு அர்த்தம் தெரியாது. அவர் மூச்சு விடும் இடத்தில் 'ம்' போட்டேன். 'நான் இருக்கிறன், நீங்கள் சொல்லுங்கோ' என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. அவருக்கு அது போதுமாக இருந்தது. கை எழும்பியது. கயிறு திரித்தார், முளை அடித்தார், காற்றாக ஊதினார். கண்ணாடிக்கு அப்பால் கெர்மென் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

பாதிக் கதையில் இருமல் வந்தது. சாதாரண இருமல் இல்லை. கைக்குட்டையை வாயில் வைத்து எடுத்தபோது இரத்தம் தெரிந்தது. கெர்மென் கண்ணாடியில் தட்டினார். அதிகம் கதைக்க வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். நான் சேஃபினைப் பார்த்தேன். அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். உள்ளே இருக்கிறவன் நீ, நீயே பார்த்துக்கொள் என்று அதற்கு அர்த்தம்.

நான் எழும்பப் போனேன். பெரியவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. நிறுத்தினால் திங்கட்கிழமைக்குப் பிறகு அந்தக் கதைக்கு முடிவு கிடையாது. நிறுத்தாவிட்டால் அவருக்கு என்ன ஆகுமோ தெரியாது. மகளுக்கு வேண்டியது அப்பாவா, கதையா என்று நான் யார் தீர்மானிக்க? இரண்டும் வேண்டும். என் மனம் அப்போது எந்தக் கடவுளைக் கூப்பிட்டது என்றுகூட நினைவில்லை.

தண்ணீரை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். பிறகு நானே பேசத் தொடங்கினேன். தமிழில்தான், வாயில் வந்ததெல்லாம். அவரைப் பேச வேண்டாம் என்று சொல்லவில்லை, பேசவும் விடவில்லை, இப்போது என் முறை என்று எடுத்துக்கொண்டேன். பனையில் ஏறியதைச் சொன்னேன். மழையைச் சொன்னேன். எங்கள் அகதி முகாமில் மூன்று நேரமும் உருளைக்கிழங்கு போட்ட சமையல்காரனைத் திட்டினேன். பெரியவர் தண்ணீரை மிடறு மிடறாகக் குடித்துக்கொண்டு தலையாட்டினார். மூச்சு அடங்கியது. இருமல் நின்றது. அவராகவே கையை உயர்த்தி என்னை நிறுத்திவிட்டு, விட்ட இடத்தில் தொடங்கினார். தொண்டை அடைத்தபோதெல்லாம் நான் வாங்கிக்கொண்டேன், தெளிந்ததும் அவர் வாங்கிக்கொண்டார். இப்படியே மாறி மாறிக் கதை முடியும்வரை போனது. முடிந்தது என்பது எனக்கு எப்படித் தெரிந்ததென்றால், வெளியே கெர்மென் அழுகையோடு சிரித்தார்.

உள்ளே ஓடிவந்து அப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பிறகு எனக்கு முடிவைச் சொன்னார். காற்று தன் கூடாரத்தைக் கலைக்கிறது என்று கோபப்பட்ட கிழவன், அதைப் பிடித்து முளையில் கட்டிவிடுகிறான். புல் அசையவில்லை. தண்ணீர் எந்தப் பக்கம் என்று குதிரைக்கு மணக்கவில்லை. மனைவி தூரத்தில் நின்று கூப்பிடுவது அவனுக்குக் கேட்கவில்லை. மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கிழவன் முளையைப் பிடுங்குகிறான். காற்று முதலில் கொண்டுவந்தது மனைவி அவனை ஏசிய ஏச்சை. அதைக் கேட்டுக் கிழவன் சந்தோஷத்தில் ஆடுகிறான்.

கெர்மென் அப்பாவை நேரே டொக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினார். புதிதாக ஒன்றும் ஆகவில்லை, ஓய்வு எடுக்கட்டும் என்றார்களாம். அதைச் சொல்லி அவருடைய தொலைபேசி அழைப்பு வந்தபிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. திங்கட்கிழமை ஒப்பரேஷன் நடந்தது. பெரியவர் பிழைத்துக்கொண்டார்.

நாடாவில் என் 'ம்' முழுக்க இருந்தது. தமிழும் இருந்தது. வெட்டிச் சுத்தம் செய்து தரட்டுமா என்று சேஃபினைக் கேட்டேன். "அதை வெட்டினால் மிச்சம் ஆருக்குச் சொன்ன கதை?" என்று கேட்டார். அந்த மொழியைப் படிக்கும் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் பிறகு வந்து இருந்து கேட்டார். அவரும் வெட்டச் சொல்லவில்லை. மற்ற ஆள் என்ன சொல்கிறான் என்று மட்டும் கேட்டார். பாயாசக் கதையைச் சொன்னேன். பெரியவரைப் போலவே தொடையில் அடித்துச் சிரித்தார்.

இன்றைக்கு சேஃபின் இல்லை. பெரியவரும் போய்விட்டார். நான் அந்த இரண்டு பேருக்கும் கடமைப்பட்டவன். எனக்கு ஒரு தொழிலைக் கையில் கொடுத்தவர் ஒருவர். அந்தத் தொழில் எதற்கு என்று காட்டியவர் மற்றவர். என் பிள்ளைகள் வளர்ந்து எனக்கு டொச்சில் பதில் சொல்லத் தொடங்கியபோது நான் விடாப்பிடியாகத் தமிழிலேயே கதைத்தேன். "அப்பாக்கு விசர்," என்றார்கள். பைத்தியம் என்றே சொல்லட்டும் என்று விட்டேன். அந்தச் சனிக்கிழமையைப் பார்த்திராவிட்டால் நானும் பாசத்தில் மாறியிருப்பேன் என்பது நிச்சயம்.

ஆகவே நீங்கள் போகும் வீடுகளில் முதலில் எதிரே ஒரு கதிரையைப் போடுங்கள். யாரை அதில் இருத்துவது என்று யோசியுங்கள். எப்போதும் சொந்தப் பிள்ளைதான் சரி என்று நினைக்காதீர்கள். அவர்கள் சொல்கிற கதைக்கு உங்களிடமிருந்தும் ஒன்றைக் கொடுங்கள். மைக் எதுவென்றாலும் பரவாயில்லை.

இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது. குளிர்காலம் முடியும் நேரத்தில் கெர்மென் பதிவின் இன்னும் சில பிரதிகளை வாங்க வந்தார். பெரியவரையும் கூட்டி வந்திருந்தார். கழுத்தில் பட்டுத் துணி சுற்றியிருந்தது. ஆள் இன்னும் மெலிந்திருந்தார். ஆனால் கண் அதே கண். என்னைக் கண்டதும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"எப்பிடிக் கதைக்கிறவர்?" என்று கெர்மெனைக் கேட்டேன்.

"ஆஸ்பத்திரியில ஒரு சின்னப் பலகை குடுத்தவை. அதில எனக்கு டொச்சில எழுதிக் காட்டுறவர்." குரலைத் தாழ்த்தினார். "நான் அதை ஒளிச்சு வைச்சிட்டன்."

"ஐயோ, ஏன்?"

"இப்ப அவரால டொச்சுக்கு மாற ஏலாது. நான்தான் எங்கட பாஷையில கதைக்க வேணும். அந்த நாடாவைக் கேட்டுக் கேட்டுப் பழகிறன். பிழை விட்டால் அவர் தட்டுவார்."

பெரியவர் குசினி மேசையில் கையை ஊன்றியபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பலகை எங்கே போனது என்று அவருக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். தேடுகிற ஆளைப்போலத் தெரியவில்லை.

புறப்படும் நேரம் வந்தது. கெர்மென் கோட்டைப் போட்டுக்கொண்டு அப்பாவுக்கு முன்னால் போய் நின்றார். நாற்பது வயது ஆசிரியை, முகம் சிவந்துவிட்டது. எழும்புங்கோ அப்பா, வீட்டுக்குப் போவம் என்பதைத் தங்கள் மொழியில் சொன்னார். பெரியவர் விரலால் மேசையில் ஒரு தட்டுத் தட்டினார். கெர்மென் யோசித்துவிட்டு மாற்றிச் சொன்னார். மறுபடி தட்டு. சேஃபின் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார், அவசரப்படுத்தவில்லை. கெர்மென் கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக, இன்னொரு தரம் சொன்னார்.

பெரியவர் எழுந்து தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.